கத்தரிக்கோல் பதில்கள்: பெரியண்ணன் கட்சிக்குக் கொள்கை உண்டா?

சென்ற இதழில் ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலில் வரும் ஓஷியானியா நாட்டின் அரசுக் கொள்கைக்கு இங்சாக் என்று பெயர். அது என்ன சொல்கிறது?" நான், "பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நேற்றைய பேப்பரைத் திருத்துவதுதான் அந்தக் கட்சியின் கொள்கை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். (ஓஷியானியாவை ஆளும் ஒரே கட்சியின் தலைவர்தான் தலைப்பில் உள்ள பெரியண்ணன்.) வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், இந்த வாரம் முழுக்க இதையே எழுதச் சொல்லிவிட்டார். சினிமா கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்தருள்க.

கேள்வி: இங்சாக் என்றால் 'இங்கிலீஷ் சோஷலிசம்' என்பதன் சுருக்கம். அது இடதுசாரிக் கொள்கை என்று நேரடியாகச் சொல்ல உங்களுக்கு என்ன தயக்கம்? (வாசகர், தஞ்சாவூர்)

தயக்கமெல்லாம் இல்லை. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. தனியார் முதலாளிகள் கிடையாது, தொழிற்சாலை, நிலம் எல்லாம் பொதுவுடைமை. கட்சிக்காரர்கள் தொழிலாளி போடுகிற ஓவரால்ஸைத்தான் சீருடையாகப் போட்டுக்கொள்கிறார்கள். அப்பா தலைவர் என்பதற்காக மகனுக்குப் பதவி வராது, பதினாறு வயதில் பரீட்சை எழுத வேண்டும். இனப் பாகுபாடும் கிடையாது. இவ்வளவும் நாவலிலேயே இருக்கிறது.

உள்ளே போய்ப் பாருங்கள். பொதுவுடைமையின் உடைமையாளர் கட்சி. அதில் உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டு. உள்வட்டத்தில் மக்கள்தொகையில் இரண்டு சதவீதம்கூட இல்லை. நல்ல காபி, நல்ல ஒயின், வேலைக்காரர் எல்லாம் அவர்களுக்கு. எண்பத்தைந்து சதவீதத் தொழிலாளிகளுக்குப் பெயர் 'புரோல்'. அவர்களைக் கட்சி மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சோஷலிசம் எதற்கெல்லாம் நின்றதோ அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, சோஷலிசத்தின் பெயராலேயே அதைச் செய்கிற கட்சி இது என்று நாவலுக்குள் வரும் ஒரு புத்தகமே சொல்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். உலகில் மூன்று பேரரசுகள். ஓஷியானியாவில் இங்சாக், யூரேஷியாவில் நவ போல்ஷ்விசம், ஈஸ்ட்டேஷியாவில் தன்னை அழித்துக்கொள்வதைப் போற்றும் ஒரு தத்துவம். மற்ற இரண்டும் காட்டுமிராண்டித்தனம் என்று ஓஷியானியா மக்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் மூன்றையும் பிரித்துச் சொல்வதே கஷ்டம் என்கிறார் ஆர்வெல். ஒரு கொள்கையின் உள்ளடக்கத்தை எதிரியின் கொள்கையோடு மாற்றி வைத்தாலும் நிர்வாகத்தில் ஒரு ஃபைல்கூட நகராது என்றால், அதை வலது என்றோ இடது என்றோ எடுத்து வைக்க எனக்கு அலமாரி இல்லை.

பிரிட்டிஷ் லேபர் கட்சியைத்தான் கேலி செய்தாரா என்று நாவல் வந்த 1949-லேயே அமெரிக்காவிலிருந்து ஒரு தொழிற்சங்கக்காரர் எழுதிக் கேட்டார். இல்லை, நான் ஆதரிக்கும் கட்சியே அதுதான் என்று ஆர்வெல் பதில் எழுதினார். மத்தியில் ஆளும் கட்சியா, மாநிலத்தில் ஆளும் கட்சியா, யாரைப் பற்றிய கதை இது என்று என்னைக் கேட்டவர்கள் எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களும் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பெரியண்ணன் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? (வாசகர், கோவில்பட்டி)

நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் இதே கேள்வியைச் சிறையில் கேட்கிறான். பெரியண்ணன் இருக்கிறார் என்கிறான் விசாரிக்கும் ஓபிரையன். சரி, நான் இருப்பதுபோல அவரும் இருக்கிறாரா என்று அடுத்துக் கேட்கிறான். நீ இல்லையே என்று பதில் வருகிறது.

கேள்வி: முப்பது வருஷம் அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். பழைய செய்தித்தாள்களை எல்லாம் திரும்ப அச்சடித்து மாற்றுவது நடக்கிற காரியமா? அந்த இடம் கதைக்கு உதவும், நம்ப முடியாது. (வாசகர், சிவகாசி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: ஒரு நாளிதழின் நூலகப் பிரிவில் கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு செய்தி வெட்டி ஒட்டியே ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பகுதியின் பெயரும் அதனால் வந்ததுதான்.

முதலில் வின்ஸ்டன் ஆபீசில் நடப்பதைப் பார்ப்போம். உண்மை அமைச்சகத்தில் ஆவணப் பிரிவு. குழாய் வழியாகக் காற்றழுத்தத்தில் ஒரு துண்டுச் சீட்டு வந்து விழும். எந்தத் தேதி 'டைம்ஸ்' இதழில் எந்தச் செய்தியைச் 'சரி செய்ய' வேண்டும் என்று அதில் இருக்கும். பொய்யாக்கச் சொல்லி எந்தச் சீட்டும் வராது. அச்சுப்பிழை, தவறான மேற்கோள் என்பதுபோலத்தான் வரும். அவன் திருத்தி அனுப்புவான். அந்த நாள் இதழ் புதிதாக அச்சாகும், பழையது எரிக்கப்படும், புதியது கோப்பில் போய் உட்காரும். சீட்டையும் குறிப்புகளையும் சுவரில் உள்ள ஒரு துவாரத்தில் போட்டால் நேரே உலைக்குப் போய்விடும்.

பூட்ஸ் கணக்கு ஒன்று வருகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மூன்று மாதத்தில் 14.5 கோடி ஜோடி பூட்ஸ் தயாராகும் என்று அரசு முன்கூட்டி அறிவித்திருந்தது. தயாரானதாகச் சொல்லப்படுவது 6.2 கோடி. வின்ஸ்டன் பழைய இதழில் உள்ள 14.5-ஐ 5.7 ஆக்குகிறான். இப்போது இலக்கைத் தாண்டிய சாதனை! ஒரு ஜோடிகூடத் தயாராகாமலும் இருந்திருக்கலாம், நாட்டில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்று அவனே நினைத்துக்கொள்கிறான். சாக்லேட் ரேஷனும் அப்படித்தான். 30 கிராமிலிருந்து 20-க்குக் குறைக்கிறார்கள். குறைக்கவே மாட்டோம் என்று முன்பு கொடுத்த வாக்குறுதி, குறைக்க வேண்டி வரலாம் என்ற எச்சரிக்கையாக மாறுகிறது. அடுத்த நாளே 20 கிராமாக உயர்த்தியதற்குப் பெரியண்ணனுக்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனதாகச் செய்தி.

இனி உங்கள் கேள்வி. எங்கள் பிரிவில் பைண்டு வால்யூம்களைக் கேட்டு வெளியாட்களும் வருவார்கள். ஒருமுறை ஒரு பிரமுகரின் உதவியாளர் வந்து, பழைய வால்யூம் ஒன்றைக் கேட்டு வாங்கி, மதியம் வரை உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார். திருப்பி அடுக்கும்போது பார்த்தால் ஒரு பக்கம் பிளேடால் வழித்ததுபோல எடுக்கப்பட்டிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அவருக்கு என்ன லாபம்? நம் நாட்டில் சட்டப்படி ஒவ்வொரு செய்தித்தாளின் பிரதியும் சென்னை கன்னிமாரா உட்பட நான்கு பெரிய நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். கன்னிமாராவில் அதே தேதி இதழைப் பார்த்துப் பிரதி எடுத்து வந்து ஒட்டிவிட்டேன். போதாததற்கு, எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, எந்த மளிகைக் கடையில் பொட்டலமாகப் போனதோ! தனி ஒருவனால் முடியாது. எல்லா நூலகமும், எல்லாப் பரணும் ஒரே கட்சியின் கையில் இருந்தால்?

சோவியத்தில் அதற்கு ஒத்திகையே நடந்தது. பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பில் ஐந்தாம் தொகுதி வெளிவந்தபோது, ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியாவைப் பற்றிப் படத்துடன் நீண்ட கட்டுரை இருந்தது. 1953-ல் ஸ்டாலின் இறந்தார், அதே ஆண்டு பெரியா கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தாதாரர்களுக்குத் தபால் வந்தது. குறிப்பிட்ட பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு, கூடவே அனுப்பியிருக்கும் பக்கங்களை அங்கே ஒட்டிக்கொள்ளவும். வந்த பக்கங்களில் பெரிங் கடலைப் பற்றி விரிவாகப் போட்டிருந்தார்கள். அகரவரிசையில் பக்கத்து வீடு! அதற்கு முன்பே, மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நடந்து வந்த, பெரியாவுக்கு முன் அதே பதவியில் இருந்த யெஷோவ் புகைப்படத்திலிருந்து காணாமல் போய், அவர் நின்ற இடத்தில் தண்ணீர் வந்திருந்தது. ஆர்வெல் கற்பனையில் கூட்டியது அளவை மட்டும்தான்.

உங்கள் அச்சகத் தொழிலை வைத்தும் ஒன்று சொல்லலாம். காகிதம் ஒருவகையில் பிடிவாதக்காரன். வெட்டினால் தழும்பு தெரியும், ஒட்டினால் தடிக்கும், ராமபாணப் பூச்சி தின்றால்கூட ஓட்டை சாட்சி சொல்லும். திரையில் படிக்கிற எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 2009-ல் அமேசான் நிறுவனம் உரிமைச் சிக்கல் காரணமாகத் தன் கிண்டில் கருவிகளிலிருந்து, காசு கொடுத்து வாங்கியவர்களிடம் கேட்காமலே, ஒரு நூலை அழித்தது. என்ன நூல் என்கிறீர்கள், '1984'தான். அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள்.

கேள்வி: எங்கள் பேராசிரியர், நாவலுக்குள் வரும் கோல்ட்ஸ்டீன் புத்தகத்தைப் படித்தால் இங்சாக் முழுதும் புரியும் என்கிறார். எனக்கு அந்தப் பக்கங்கள் தூக்கம் வரவழைக்கின்றன. தாண்டிப் போகலாமா? (வாசகி, பாளையங்கோட்டை)

கட்சியின் முதல் எதிரியான கோல்ட்ஸ்டீன் எழுதியதாகச் சொல்லப்படும் தடை செய்யப்பட்ட புத்தகம் அது. வின்ஸ்டன் அதை வாசித்துக் காட்டும்போது அவன் காதலி ஜூலியாவும் தூங்கிவிடுகிறாள். குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் தாண்டாதீர்கள். கட்சி எப்படி ஆள்கிறது என்பது அதில் துல்லியமாக இருக்கிறது. மூன்று நாடுகளும் ஏன் ஓயாமல் சண்டை போடுகின்றன? உற்பத்தியாகும் பண்டத்தை மக்கள் வயிற்றுக்கும் உடம்புக்கும் போகவிடாமல் எரித்துத் தீர்க்க. கடந்த காலத்தை மாற்றலாம் என்பதே இங்சாக்கின் மையக் கோட்பாடு என்பதும் அங்கேதான் வருகிறது. போன வாரம் நான் எழுதிய பதில் அதிலிருந்து அடித்த காப்பி.

ஏன் ஆள்கிறது என்று சொல்ல வரும் இடத்தில் வின்ஸ்டன் வாசிப்பதை நிறுத்திவிடுகிறான். அதற்கான பதில் சித்திரவதை அறையில்தான் கிடைக்கிறது. மக்களின் நன்மைக்காகத்தான் ஆள்கிறீர்கள் என்று, அடிக்குப் பயந்து, கட்சியே சொல்லும் என்று தான் நினைத்த பதிலைச் சொல்கிறான். உடனே ஓபிரையன் மின்சாரத்தை ஏற்றுகிறான், முட்டாள்தனமான பதில் என்று. அதிகாரம் அதிகாரத்துக்காகத்தான், வேறெதற்காகவும் இல்லை என்று அவனே விளக்குகிறான். எனக்குத் தெரிந்து, கட்சியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதற்காக அடி வாங்கிய கைதி இவன் ஒருவன்தான். அந்தத் தடை செய்யப்பட்ட புத்தகத்தை எழுதியவர்களில் தானும் ஒருவன் என்று ஓபிரையன் சொல்வதையும் உங்கள் பேராசிரியருக்கு நினைவுபடுத்துங்கள், மரியாதையாக.

கேள்வி: கொள்கையை மனதார நம்புகிறவர்களுக்காவது அந்த நாட்டில் நிம்மதி உண்டா? (வாசகர், நாமக்கல்)

சைம், பார்சன்ஸ் என்று இரண்டு பேர். சைம் அகராதி தயாரிக்கிற அறிவாளி, கட்சி வெறியன். மொழியைச் சுருக்கினால் தப்பாக யோசிக்கவே ஆள் இருக்காது என்று சாப்பாட்டு நேரத்தில் கண்கள் மின்னப் பேசுகிறான். இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவனைக் கட்சி விட்டு வைக்காது என்று வின்ஸ்டனுக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. ஒருநாள் சைம் வேலைக்கு வரவில்லை. செஸ் கமிட்டி உறுப்பினர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் அப்படியேதான் இருக்கிறது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை, ஒரு பெயர் மட்டும் குறைவு.

பார்சன்ஸ் அசடு. வசூல், ஊர்வலம், தோரணம் என்று எதற்கும் முதல் ஆளாக நிற்பவன். தூக்கத்தில் பெரியண்ணன் ஒழிக என்று உளறிவிட்டான். சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்ட ஏழு வயது மகள் காட்டிக்கொடுத்துவிட்டாள். சிறையில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையைச் சரியாக வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்படுகிறான். படிக்கும்போது சிரிப்பு வந்தது, பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

ஆக, நம்பிக்கை அந்த அரசுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தேவைப்படுவது குமாஸ்தாக்கள். இதைத்தான் போன வாரமே விரிவாக எழுதியிருக்க வேண்டும். வின்ஸ்டன் கட்சியை வெறுக்கிறவன், டைரியில் எழுதுகிறவன், எப்படியும் பிடிபடப் போகிறவன். அவன் வாழ்க்கையில் பெரிய சந்தோஷம் எது தெரியுமா? அவன் வேலை! ஆர்வெலே அப்படி எழுதியிருக்கிறார். பெரியண்ணன் பாராட்டிப் பேசிய ஒருவர் பிறகு ஒழிக்கப்பட்டுவிடுகிறார். அந்தப் பழைய உரையில் இடம் காலி. வின்ஸ்டன் அங்கே ஓகில்வி என்று ஒரு தோழரைச் சிருஷ்டிக்கிறான். மூன்று வயதில் டிரம், மெஷின்கன், ஹெலிகாப்டர் பொம்மைகளைத் தவிர எதையும் தொடாத குழந்தை, பதினோரு வயதில் சொந்த மாமனைப் போலீசில் காட்டிக்கொடுத்தவன், 23 வயதில் வீரமரணம். பிரமாதமான கற்பனை. இதே வேலையை வேறு சிலருக்கும் கொடுத்திருப்பார்கள், யாருடையது தேறுமோ என்று எதிர் மேசைக்காரனை ஓரக்கண்ணால் பார்க்கிறான். ஆபீசில் வேலை பார்த்த எவனுக்கும் அந்தப் பார்வை தெரியும். இங்சாக் நிற்பது பார்சன்ஸின் பக்தியில் அல்ல, வின்ஸ்டனின் கைவேலைச் சுத்தத்தில்தான்.

ஆர்வெலுக்கு இது வெளியிலிருந்து பார்த்த விஷயமும் இல்லை. அவர் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில், 1903-ல். பர்மாவில் ஏகாதிபத்தியப் போலீசில் ஐந்து வருஷம் இருந்தார். 1941 முதல் 43 வரை பிபிசியில் இந்தியாவுக்கான போர்க்காலச் செய்தி உரைகளை எழுதினார். ஒவ்வொன்றும் தணிக்கையைத் தாண்டித்தான் ஒலிபரப்பாக வேண்டும். தமிழ் உட்படச் சில இந்திய மொழிகளில் மொழிபெயர்ப்பதற்கும் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இங்கே யாரோ ஒரு தாத்தா வால்வு ரேடியோவில் அதைக் கேட்டிருக்கலாம், யார் எழுதியது என்று தெரியாமலே.

கேள்வி: புரோல்களை ஏன் கண்காணிப்பதில்லை? (வாசகி, ஆம்பூர்)

செலவு மிச்சம். பீர், கால்பந்து, லாட்டரி போதும் என்று கட்சி கணக்குப் போட்டுவிட்டது. அந்த லாட்டரியில் சில்லறைப் பரிசுகள்தான் நிஜம். பெரிய பரிசு விழுந்தவர்கள் எல்லாம் இல்லாத ஆட்கள்.

கேள்வி: வட கொரியாவின் அரசுக் கொள்கையான 'யூச்சே' இங்சாக்கின் நேரடிப் பதிப்பு என்று படித்தேன். சரியா? (வாசகர், கோவை)

பாதி சரி. நாட்டை நிறுவிய கிம் இல் சுங் 1955 டிசம்பரில் பேசிய ஒரு பேச்சில் அதன் வேர் என்பார்கள். 1972 அரசியல் சட்டத்தில் ஏறியது, மார்க்சிய லெனினியத்தை நம் நாட்டுக்கு ஏற்பப் பயன்படுத்துவது என்ற விளக்கத்தோடு. 1992-ல் மார்க்சிய லெனினியம் வெளியே போனது. 2009-ல் கம்யூனிசம் என்ற சொல்லும் போனது. உள்ளே இருந்தது ஒவ்வொன்றாக வெளியேற, யூச்சே மட்டும் அப்படியே இருந்தது. தாத்தா, மகன், பேரன் ஆட்சியும் இருந்தது. வாரிசுரிமை என்கிற இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் இங்சாக்கிலிருந்து விலகுகிறார்கள். பரீட்சை இல்லை.

அந்தத் தத்துவத்தை உட்கார்ந்து எழுதி உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஹ்வாங் ஜாங் யோப். 1997 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் இருந்த தென் கொரியத் தூதரக அலுவலகத்துக்குள் போய் அடைக்கலம் கேட்டார் மனிதர்! சைம் தப்பித்து ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதே ஆண்டுதான் அங்கே யூச்சே காலண்டர் வந்தது. கிம் இல் சுங் பிறந்த 1912 முதலாம் ஆண்டு. அந்தக் கணக்கில் 2024 என்பது 113. அந்த 2024 அக்டோபரில் கட்சி நாளிதழின் முகப்பிலிருந்து யூச்சே ஆண்டு காணாமல் போனது, வெறும் 2024 மட்டும் நின்றது. செஸ் கமிட்டிப் பட்டியல் போலவே.

கேள்வி: கட்சி உருவாக்கிய மொழியைப் பற்றி நாவலின் கடைசியில் உள்ள பின்னிணைப்பு முழுக்க இறந்த காலத்தில் இருக்கிறது. அப்படியானால் பிற்காலத்தில் கட்சி வீழ்ந்துவிட்டது என்று ஆர்வெல் ஜாடை காட்டுகிறார்தானே? (வாசகர், காரைக்குடி)

நல்ல வக்கீல் வாதம். கட்சி இன்னும் ஆள்கிறது என்றால், அந்தப் பின்னிணைப்பை இவ்வளவு நிதானமாக, சாதாரண ஆங்கிலத்தில் உட்கார்ந்து எழுதியது யார் என்ற கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவில் ஒரு பெரிய புத்தக கிளப் நாவலை எடுத்துக்கொள்ள முன்வந்தபோது, பின்னிணைப்பையும் கோல்ட்ஸ்டீன் பகுதியையும் வெட்டிவிடச் சொன்னது. ஆர்வெல் காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்த நேரம், பணமும் சின்னத் தொகை இல்லை. முடியாது என்று மறுத்துவிட்டார், கடைசியில் கிளப்தான் இறங்கி வந்தது. அந்தப் பக்கங்கள் அவருக்கு முக்கியம் என்பதுவரை இதிலிருந்து தெரிகிறது.

அதற்கு மேல் போய்க் கட்சி வீழ்ந்தது என்று தீர்ப்பெழுத நான் தயாராக இல்லை. வின்ஸ்டனிடம் ஒருமுறை பழைய 'டைம்ஸ்' இதழின் அரைப்பக்கம் சிக்குகிறது. மூன்று தலைவர்கள் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று நிரூபிக்கும் படம் அதில் இருக்கிறது. பயத்தில் அதை அவனே துவாரத்தில் போட்டுவிடுகிறான். வருஷங்கள் கழித்து அதே படத்தின் இன்னொரு பிரதியை ஓபிரையன் காட்டுகிறான், தானும் உலையில் போடுகிறான், அப்படி ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை என்கிறான். அதைப் படித்தபின், ஒரு பின்னிணைப்பின் வினைமுற்றை நம்பி நிம்மதியாகத் தூங்க என் தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. காரைக்குடிக்காரர் வேண்டுமானால் தூங்கலாம்.

அடுத்த வாரம் சினிமா.